முன்பாரம்

நான் பேருந்து நடத்துநராக இருந்தவன். அதாவது, பிழைப்பு முழுக்க வண்டியின் பின்பக்கம் நின்று விசில் ஊதியவன். முன்னால் என்ன நடக்கிறது என்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும். பிரேக் போட்டால்கூட, யாராவது ஒரு கூடைக்காரம்மா என் வயிற்றின் மேல் வந்து விழுந்த பிறகுதான் தெரியும். வயிறு அந்தக் காலத்திலேயே விழுகிறவர்களுக்கு வசதியாக இருந்தது.

அண்ணன் செத்த செய்தியும் அப்படித்தான் வந்தது. மாயவரம் போகும் வழியில் எதிரே வந்த பேருந்து எங்கள் பேருந்துக்குப் பக்கவாட்டில் நின்றது. அதன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "யோவ் கண்டக்டரு, உங்க அண்ணன் டிராக்டரு கரையேறயில கவுந்துடுச்சாம்யா" என்றார்.

"அண்ணனுக்கு?" என்று கேட்டேன்.

அவர் கியரைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். நான் இரண்டு விசில் ஊதினேன். எங்கள் பேருந்தும் கிளம்பியது. அடுத்த நிறுத்தத்தில் ஒரு அம்மா கோழியோடு ஏறினாள். கோழிக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று வழக்கை அவளே ஆரம்பித்தாள். "கோழி உக்காந்து வருதா, நின்னுகிட்டு வருதா?" என்று நான் கேட்டேன். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மாயவரத்தில் எல்லோரும் இறங்கிப்போய், வெறும் இருக்கைகளைப் பார்த்தபோதுதான், ஊருக்குத் திரும்புவதற்குப் பதிலாக வழி நெடுகச் சீட்டுக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. அப்போதும் அழுகை வரவில்லை. பசித்தது.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெரு குடவாசலுக்குக் கிழக்கே, அறுக்கவும் நடவும் போகிறவர்களின் தெரு. அப்பா பண்ணையாளாகவே இருந்து பண்ணையாளாகவே போனார். அண்ணன் தலையெடுத்த காலத்தில் சங்கம் வந்தது, கூலிப் போராட்டம் வந்தது, கோட்டையில் ஆட்சி மாறி மாறி வந்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் ஆற்றங்கரையில் இருந்த கொடிக்கம்பத்தில் வர்ணமும் மாறும். எங்கள் ஊரில் அதிகமாக விற்ற சரக்கு பெயிண்ட்தான். அந்தக் கலாட்டாவில் ஒரு நல்லதும் நடந்தது. பண்ணை அனுபவித்துவந்த கோயில் நிலத்தில் ஒரு பகுதி, இழுபறிக்கெல்லாம் பிறகு, குத்தகைப் பதிவாகி அண்ணன் பேருக்கு வந்தது.

நிலம் வந்தது, பாதை வரவில்லை. சாலை ஆற்றங்கரையின் மேலே போகிறது. கரைக்குக் கீழே பண்ணை வயல்கள். அதற்கும் அப்பால்தான் எங்கள் குத்தகை நிலமும் களமும். விளைந்ததை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் பண்ணை வயலைத்தான் கடக்க வேண்டும். தாலுகா ஆபீசில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார்கள். மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு வரப்பை உயர்த்திக்கொள்ளலாம், ஆனால் சக்கரம் வயலில் இறங்கக் கூடாது, இறங்கினால் அன்றோடு பாதை கிடையாது என்று முடிவானது. அந்த வரப்புப் பாதை களத்திலிருந்து நேராக வந்து, வாய்க்கால் மதகண்டை முழங்கையை மடக்கினாற்போல ஒரு திருப்பம் திரும்பி, கரையின் அடியில் முடியும். அங்கிருந்து செங்குத்தாக ஒரு சரிவு. அதில் ஏறினால் சாலை.

பண்ணைக்கு முதன்முதலில் டிராக்டர் வந்தபோது, அறுப்பு வேலை போய்விடும், உழவு வேலை போய்விடும் என்று அதன் முன்னால் படுத்தவர்களில் அண்ணனும் ஒருவன். பிறகு அவனே ஒரு பழைய டிராக்டரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து தெருவில் நிறுத்தினான். "முன்னாடி படுத்துப் பாத்தேன், சரிவரலை. அதான் மேல ஏறி உக்காந்துட்டேன்" என்றான். இந்த மாதிரி பேசுவது எங்கள் குடும்ப நோய். அவனுக்குக் கொஞ்சமாகவும் எனக்கு முழுசாகவும் பிடித்திருந்தது.

டிராக்டர் இருந்ததே ஒழிய அதில் மாட்ட டிரெய்லர் இல்லை. மாசி மாதம், சம்பா நெல்லை மூட்டை பிடித்து, பக்கத்து ஊரிலிருந்து இரவலாக ஒரு டிரெய்லரைக் கேட்டு வாங்கி வந்தான். நடுவில் ஒரே அச்சு, இரண்டு சக்கரம். களத்தில் ஏற்றி, வரப்பில் வந்து, மதகில் திரும்பியதெல்லாம் நன்றாகவே நடந்ததாம். சரிவில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின. எழும்பியது இறங்கவில்லை. அப்படியே பின்னால் மல்லாந்துவிட்டது. டிரெய்லருக்கு ஒரு கீறல்கூட இல்லை. உரியவர் மறுநாளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் அதை இழுத்துக்கொண்டு போனார்.

டிராக்டரையும் நிமிர்த்திச் சரிசெய்தார்கள். ஸ்டீயரிங் மட்டும் வளைந்தது வளைந்ததுதான். கோழிமுட்டை மாதிரி ஆகிவிட்டது. கருமாதி முடிந்து, துக்கம் கேட்க வருகிறவர்களும் நின்று, வீட்டில் அண்ணியும் நானும் அந்த முட்டை ஸ்டீயரிங்கும் மிச்சமானோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்தவர்களும் பேருந்தைப் பிடித்துத் திரும்பிப் போனார்கள். சீட்டுக் கிழித்ததும் நான்தான்.

குறுவை விளைந்து புரட்டாசி பிறந்தபோது சிக்கல் வந்தது. வண்டி மாடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் அறுப்புக் காலத்தில் பண்ணைக்கு ஓட்டுகிறவர்கள். தலைச்சுமையாகக் கரையேற்றி முடிப்பதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். மழையில் நனைந்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் மோந்துகூடப் பார்க்க மாட்டார்கள். இது பண்ணையின் காரியக்காரருக்கு நன்றாகவே தெரியும். அவர் ஒரு நாள் குடையோடு வந்து வாசலில் நின்றார். முன்பெல்லாம் எங்கள் தெருவில் எல்லோரையும் 'டா' போட்டுக் கூப்பிட்டவர். சங்கம் வந்த பிறகு 'டா' போடவும் பயம், 'ங்க' போடவும் மனசில்லை. அதனால் யாரிடமும் பேசாத மாதிரியே பேசுவார்.

"குறுவை நல்லா வந்திருக்காம்ல" என்றார் கூரையைப் பார்த்து.

"வந்திருக்குங்க" என்றார் அண்ணி.

"களத்துலயே விட்டுட்டா பண்ணையில அள்ளிக்குவோம். தூக்கிச் செமக்கிற வேலை இல்ல. பொம்பளை ஒண்டியா எத்தினி நாளைக்கு இதெல்லாம் பாக்குறது? குத்தகையையும் எழுதிக் குடுத்துட்டா நிம்மதி."

"யோசிச்சுச் சொல்றோங்க."

அவர் போன பிறகு அண்ணி முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்து முடித்தார். முடித்துவிட்டு, "தம்பி, நாளைக்கும் நாளன்னைக்கும் உங்களுக்கு ஓய்வுதானே? பட்டறைக்குப் போயி டிரெய்லர் பாக்கலாம்" என்றார். துக்க வீட்டில் வருஷம் திரும்பும் முன்னால் வண்டி வாங்குவதா என்று சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். "நெல்லு வருஷம் திரும்புற வரைக்கும் நிக்காது" என்றார் அண்ணி. குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. அந்த நாட்களில் அவர் குரல் அப்படித்தான் இருந்தது, தட்டில் வைத்த சோறு மாதிரி.

பட்டறை குடவாசல் கடைத்தெருவைத் தாண்டி இருந்தது. நடத்தியவர் ஒரு பாய். வெளிநாட்டில் பெரிய பெரிய லாரி டிரெய்லர்களுக்கு வெல்டிங் அடித்துவிட்டு ஊர் திரும்பியவர். அண்ணனுக்குப் பழக்கம். எங்களைப் பார்த்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

"வாங்க கண்டக்டர். வாம்மா, உக்காரு." டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது. பிறகு வியாபாரம்தான் பேசுவதற்கு எளிது என்று நினைத்தாரோ என்னவோ, எழுந்து கையை நீட்டிக் காட்டினார்.

"ரெண்டு டிரெய்லர் பெட்டி தயாரா நிக்கிது. இது ரெட்டை அச்சு. அச்சு ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல, நாலு டயரு. ஒண்ணு வெடிச்சாலும் பாக்கி நிக்கும். ரோட்டுல ஆடாது. தன் பாரத்தைத் தானே தாங்கிக்கும், டிராக்டர் கொக்கியில அவ்வளவா விழாது. இது ஒத்தை அச்சு. இழுக்க லேசு. நினைச்ச எடத்துல ஒடிச்சுத் திருப்பலாம். ஆனா பாரத்துல ஒரு பங்கு டிராக்டர் இடுப்புலதான் உக்காரும். கொஞ்சம் ஆட்டமும் ஆடும்."

"நானும் ஒத்தை அச்சுதான் பாய். கல்யாணம் ஆகலை பாருங்க, அதான் இப்படி ஆடுறேன்" என்றேன்.

பாய் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார். அண்ணி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் முன்னால் ஒற்றை என்ற வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன் என்பது, வழக்கம்போல, பிரேக் போட்ட பிறகு எனக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு வந்ததும் இந்த மாதிரிதானே பாய்?" என்று கேட்டார் அண்ணி, ஒற்றை அச்சைக் காட்டி.

"இதே மாதிரிதாம்மா."

"அப்ப முடிஞ்சுபோச்சு" என்றேன் நான். "ரெட்டை அச்சு. அண்ணனும் அதைத்தான் வாங்கணும்னு இருந்துச்சு. இல்லையா பாய்?"

"ஆமா, வந்து பாத்துட்டுப் போனாரு."

நான் கேட்டது அண்ணனுக்காக இல்லை. நாலு சக்கரம் என்றால் பயம் பாதியாகும் என்று ஒரு கணக்கு. பேருந்திலேயே நான் பின்சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருகிறவன். தரையை எத்தனை சக்கரம் தொடுகிறதோ அத்தனை நல்லது என்பது என் அரசியல்.

அண்ணி கேட்டார்: "மதகண்டை திரும்புமா?"

பாய் தலையைச் சொறிந்தார். "திரும்பும். ஆனா சொகமாத் திரும்பாது. டயரெல்லாம் மண்ணைச் சுரண்டிக்கிட்டு வரும். பெட்டியும் இது நீளம். உள்பக்கமா வெட்டும். வரப்பு எவ்வளவு தாங்கும்னு நீங்கதான் பாக்கணும்."

"பாத்துட்டு வர்றோம்" என்றார் அண்ணி. இரண்டு பெட்டியின் நீள அகலத்தையும், சக்கரம் இருக்கும் இடத்தையும் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் மூங்கிலை அந்த அளவுக்கு வெட்டினேன். நீளவாக்கில் இரண்டு, குறுக்கே சில, சக்கரம் வரும் இடங்களில் சிவப்புத் துணி. டிரெய்லருக்குப் பதிலாக இந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் திருப்பத்தில் திருப்பிப் பார்ப்பது என்பது என் யோசனை. பெரிய மூளைக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டு கட்டினேன். கட்டி முடித்து எட்ட நின்று பார்த்தபோதுதான் அது எதைப் போல இருக்கிறது என்று தெரிந்தது. மூங்கில், குறுக்குக் கம்பு, துணி. கீற்று ஒன்றுதான் பாக்கி.

தெருவில் உதவிக்கு வந்த இரண்டு பேர் அதைப் பார்த்ததும் தூக்குவதற்குக் கை வைக்கவில்லை. ஒருவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வெற்றிலையைத் துப்ப அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அண்ணி வெளியே வந்து சட்டத்தைப் பார்த்தார். "நாலு பேரு தூக்குனாத்தானே வேற மாதிரி தெரியும்? நாம ரெண்டு பேரே தூக்குவோம் தம்பி. நீங்க முன்னாடி பிடிங்க" என்றார்.

அப்படித்தான் நாங்கள் அதை எடுத்துக்கொண்டு போனோம். சாலையிலிருந்து சரிவில் இறங்கி, வரப்பின் மேல் நடந்து, மதகு வரைக்கும். மாசியில் அண்ணனைக் கொண்டுபோனதும் இதே வழிதான். களத்தைத் தாண்டி வடிகால் ஓரத்தில்தான் எங்கள் தெருவுக்குச் சுடுகாடு. பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவது வழக்கம் என்பதால் அண்ணி அன்றைக்கு வரவில்லை. நான் வந்தேன். முன்னால் பிடித்திருந்தேன். மதகில் திரும்பும்போது இடப்பக்கம் பிடித்தவருக்குக் கால் வைக்க வரப்பு போதவில்லை. பண்ணை வயலில் இறங்கி உளுந்துச் செடியை மிதித்துத்தான் திரும்பினார். காரியக்காரர் அப்போது மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பிணத்துக்கு வயலில் இறங்க அனுமதி உண்டு போல. இதை நான் அண்ணியிடம் சொல்லவில்லை.

இன்றைக்கும் காரியக்காரர் அதே கட்டையில், குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன கூத்து இது?" என்றார் வாய்க்காலைப் பார்த்து.

"டிரெய்லருங்க" என்றேன். "காலையிலதான் பொறந்துச்சு. இன்னும் சக்கரம் மொளைக்கலை."

"மொளைக்கிறது நம்ம வயல்ல மொளைக்காம இருந்தாச் சரி."

முதலில் இரட்டை அச்சின் அளவில் திருப்பினோம். நான் வரப்போடு திரும்பினேன். பின்னால் அண்ணி, "நில்லுங்க தம்பி" என்றார். திரும்பிப் பார்த்தேன். உள்பக்கத்துப் பின்துணி வரப்பை விட்டு நன்றாக வெளியே, பண்ணையின் பயிருக்கு மேல் தொங்கியது. உளுந்தை மிதித்த இடமும் அதேதான்.

"துணி உள்ள வந்துடுச்சே" என்றார் காரியக்காரர்.

"துணிதாங்களே வந்துச்சு. சக்கரம் வராது" என்றார் அண்ணி.

இன்னும் அகட்டித் திருப்பிப் பார்த்தோம். வேறு பக்கமாகச் சரித்துப் பார்த்தோம். துணி உள்ளேதான் போனது. பிறகு வரப்பிலேயே உட்கார்ந்து கட்டை அவிழ்த்து, ஒற்றை அச்சின் அளவுக்குச் சுருக்கிக் கட்டித் திருப்பினோம். துணி இரண்டும் வரப்பின் மேலேயே வந்தது. ஒரு சாண் மிச்சம்கூட இருந்தது.

கணக்கு அதோடு தெளிவாகிவிட்டது. இரட்டை அச்சு வாங்கினால் பாதை போகும். பாதை போனால் நெல் களத்திலேயே பண்ணைக்குப் போகும், பின்னாலேயே குத்தகையும் போகும். ஒற்றை அச்சு வாங்கினால் பாதை இருக்கும், சரிவும் இருக்கும்.

"விட்டுடலாம் அண்ணி" என்றேன், சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பும்போது. "குடுத்துடலாம். என் சம்பளத்துல ரெண்டு பேரும் சாப்பிடலாம். நான் கொஞ்சம் கொறைச்சுச் சாப்பிடுறேன்."

"நீங்க கொறைச்சுச் சாப்பிட்டதை நான் பாத்ததில்ல" என்றார் அண்ணி. அது கேலிதான். ஆனால் கேலிக்கு உரிய சத்தம் அதில் இல்லை. கொஞ்சதூரம் போன பிறகு, "பாய்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

அன்று சாயங்காலமே மறுபடியும் பட்டறைக்குப் போனோம். பாய் மறுபடியும் டீ வரவழைத்தார். அண்ணி உட்காரவில்லை. ஒற்றை அச்சுப் பெட்டியின் பக்கத்தில் போய், இழுவைக் கம்பியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏன் பாய் தூக்குச்சு?"

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன்.

"எப்படி அடுக்குனீங்கம்மா மூட்டையை?" என்றார் பாய்.

"வண்டிக்கு அடுக்குற மாதிரிதான். முன்பாரமா."

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிறந்த எவருக்கும் முன்பாரம் பின்பாரம் என்பது சொல்லிக்கொடுக்காமலே தெரியும். மாட்டுவண்டியில் பின்னால் கனம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டை இறுக்கும், மாட்டுக்கு மூச்சு முட்டும். அதனால் எதை ஏற்றினாலும் முன்னால் ஒரு கை கூடுதலாக ஏற்றுவோம். ஏறி உட்காருகிற ஆளைக்கூட, "முன்னாடி வந்து உக்காருய்யா, மாடு சாவுது" என்று அதட்டுவோம். அது எங்களுக்கு மாட்டின் மேல் இருக்கும் கரிசனம். டிரெய்லருக்கும் இரண்டு சக்கரம், நடுவில் ஒரு அச்சு. கை தானாகவே முன்னால்தான் அடுக்கும்.

பாய் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். மெதுவாகப் பேசினார்.

"மாட்டுக்கு அது சரிம்மா. கழுத்து ரொம்ப அழுந்துனா மாடு சொல்லிடும். தலையை ஆட்டும், மொரண்டு பிடிக்கும், நின்னுடும். இரும்பு ஒண்ணும் சொல்லாது. சமத்தரையில நல்லாத்தான் வரும். மேட்டுல ஏறயில முன்னாடி இருக்கிற பாரம் கொக்கியை அழுத்தும், கொக்கி டிராக்டரோட பின்பக்கத்தை அழுத்தும், மூக்கு தூக்கிடும்."

"நான்தான் நின்னு சொன்னேன்" என்றார் அண்ணி. "இன்னும் ரெண்டு மூட்டை முன்னாடி போடுங்கன்னு."

வெளியே ஒரு லாரி போனது. அது போய் முடியும் வரைக்கும் காத்திருக்க எங்கள் மூன்று பேருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. நான் நகைச்சுவைக்காரன், அந்த நேரத்துக்கு என்னிடம் ஏதாவது இருக்கும் என்று தேடினேன். எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள், நான் நின்றிருந்தாலும் சொல்லியிருப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. என் வாயிலிருந்து வந்தது, "டீ ஆறுது அண்ணி."

அவர் டீயை எடுத்துக் குடித்தார். முழுக்கக் குடித்தார். தம்ளரைப் பலகையில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப பின்னாடி அடுக்கணுமா?"

"பின்னாடியும் வேண்டாம்மா. பின்னாடி அதிகமானா ரோட்டுல வாலாட்டும். நேரா அச்சுக்கு மேல. முன்னாடி கொஞ்சமே கொஞ்சம். மூட்டையும் கொறைச்சலா ஏத்துங்க, ரெண்டு நடை கூடப் போனாப் போவுது. கொக்கியையும் நான் ஒரு ஓட்டை கீழே எறக்கிக் குடுக்குறேன்." பாய் என்னைப் பார்த்து, சூழ்நிலையை லேசாக்க நினைத்து, "சரிவு ஏறயில மட்டும் பின்பலகை மேல ஒரு ஆள் நிக்கட்டும். நம்ம கண்டக்டர் மாதிரி வெய்ட்டான ஆளா" என்றார்.

"அவரு நின்னா ஓட்டுறது யாரு?" என்றார் அண்ணி. "ஒத்தை அச்சே குடுங்க பாய்."

நான் ஓட்டுவது என்று முடிவானது எனக்கு அப்படித்தான் தெரிய வந்தது. பின்னால்தான்.

வேறு வழியும் இல்லை. ஆளை அடித்த வண்டி என்று தெருவில் ஒருவரும் அந்த டிராக்டரில் ஏறத் தயாராக இல்லை. எனக்கு அண்ணன் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருந்தான். கற்றுக்கொடுத்த அன்றே, "நீ விசிலே ஊதுடா, அதான் உனக்கு நல்லது" என்று கையெழுத்தும் போட்டுவிட்டான். முட்டை ஸ்டீயரிங் வேறு. வட்டமாக இருப்பதைத் திருப்பவே எனக்கு வராது. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, காலி டிரெய்லரோடு நாலைந்து நாள் சாலையில் போய்ப் போய் வந்தேன். எதிரே வந்த பேருந்துகளிலிருந்து சக நடத்துநர்கள் எனக்கு விசில் ஊதிவிட்டுப் போனார்கள்.

அதிலிருந்துதான் யோசனை வந்தது. டிராக்டர் இரைச்சலில் பின்னாலிருந்து பேசினால் கேட்காது. என் விசிலை அண்ணியிடம் கொடுத்தேன்.

"ஒண்ணு ஊதுனா நிறுத்து. ரெண்டு ஊதுனா போலாம். தொடர்ந்து ஊதுனா ஆபத்து" என்றேன்.

"மூணு ஊதுனா?"

"மூணு ஊதுனா பாட்டு."

அவர் ஊதிப் பார்த்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி ஊதினார். அடுத்த வீட்டு நாய் குரைத்தது. விசிலைப் புடவைத் தலைப்பில் துடைத்து, தாலி இருந்த இடத்தில் கயிற்றோடு மாட்டிக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் எதையும் யோசித்து அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை. கயிறு என்றால் கழுத்துதானே.

குறுவை அறுத்து, அடித்து, மூட்டை பிடித்தாயிற்று. மேற்கே கருத்துக்கொண்டிருந்தது. களத்தில் அண்ணியே பெட்டியின் மேல் நின்று அடுக்க வைத்தார். மூட்டை தூக்கியவர்கள் பழக்கத்தில் முன்னால் கொண்டுபோய்ப் போடப் போட, "அங்க வேண்டாம். நடுவுல. அச்சுக்கு மேல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒருவர், "என்னம்மா, மாடு செத்துடும்" என்றார் பழக்கத்தில். சொன்னவரே பிறகு மூட்டையை நடுவில் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி பின்பலகையின் மேல் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு விசில்.

வரப்பில் நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கு நினைவில்லை. மதகு நினைவிருக்கிறது. காரியக்காரர் கட்டையிலிருந்து எழுந்து நின்றார், அன்றைக்குப் போலவே. முட்டையை ஒடித்துத் திருப்பினேன். டிரெய்லர் பின்னாலேயே மடங்கி, பூனை மாதிரி வந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தபோது காரியக்காரர் குனிந்து, குடை முனையால் திருப்பத்து மண்ணைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டி மண்கூட வயலில் சரிந்திருக்கவில்லை. "ம்" என்றார். யாரிடம் என்று தெரியவில்லை.

சரிவின் அடியில் நிறுத்திவிட்டேன். நிறுத்த வேண்டும் என்று நினைத்து நிறுத்தவில்லை. கால் நிறுத்தியது. எதிரே மேலே சாலை, கொடிக்கம்பம், வானம். இங்கேதான். பயம் வரும் என்று காத்திருந்தேன். துக்கம் வந்தாலும் சரி என்று இருந்தேன். மாசியிலிருந்து காத்திருக்கிறேனே, வருவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அதற்குக் கிடைக்காது. மூக்கு அரித்தது. அவ்வளவுதான். ஸ்டீயரிங்கை விட்டுச் சொறியவும் முடியவில்லை.

என்ஜின் உறுமிக்கொண்டே நின்றது. முன்சக்கரங்களைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பின்னாலிருந்து இரண்டு விசில் வந்தது. காற்று கலக்காத, சுத்தமான இரண்டு விசில்.

இத்தனை வருஷம் இரண்டு விசில் ஊதி ஊதி வண்டிகளைக் கிளப்பியவன் நான். அதைக் கேட்கிற இடத்தில் ஒருநாளும் இருந்ததில்லை. கேட்டால் என்ன ஆகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. யோசிக்க ஒன்றும் இல்லை. கால் தானாகக் கிளட்சை விட்டது. டிராக்டர் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியது. முன்சக்கரங்கள் மண்ணை அரைத்துக்கொண்டே போயின. ஒரு இடத்தில் கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோன்றியதாகவும் இருக்கலாம். மூக்கு கீழேயே இருந்தது. சாலை வந்தது.

ஒரு விசில். நிறுத்தினேன்.

அண்ணி இறங்கி முன்பக்கம் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து முன்சக்கரம் இரண்டையும் பார்த்தார். சுற்றிலும் ஈரமண் அப்பியிருந்தது, அடியிலிருந்து மேல் வரைக்கும் தரையை விடவே இல்லை என்பதற்கு அத்தாட்சியாக. ஒரு விரலால் அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"இதை எறக்கிட்டு வந்தா, இருட்டுறதுக்குள்ள இன்னொரு நடை அடிச்சுடலாம் தம்பி" என்றார்.

"பயணிகள் எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டேன்.

"ஏறியாச்சு. எல்லாரும் ஒக்காந்துதான் வர்றாங்க" என்றார் மூட்டைகளைப் பார்த்து. பின்னால் போய் ஏறினார். நான் மூக்கைச் சொறிந்துகொண்டு விசிலுக்காகக் காத்திருந்தேன்.